தோரோங் லாவைக் கடந்த பிறகு: அன்னபூர்ணா சுற்றின் இறக்க நாட்கள்

நேபாளத்தின் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி வரும் அன்னபூர்ணா சுற்று மலைநடையில் தோரோங் லா கணவாயைக் கடந்துவிட்டால் நடை முடிந்த மாதிரிதானே, மிச்ச நாட்களைக் குறைத்துக்கொண்டு முக்திநாத்திலேயே ஜீப் ஏறிவிடலாமா, அறுபது வயதைத் தாண்டிய பெற்றோரைப் பொக்காரா நகரிலிருந்து விமானத்தில் வரவழைத்து அன்றே முக்திநாத் சந்நிதியில் சந்தித்துக்கொள்ளலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கணவாய்க்கு மேற்கே உள்ள முஸ்தாங் பக்கத்தில் கணவாயைக் கடப்பது, பள்ளத்தாக்கில் நடப்பது, விமானம் ஏறுவது ஆகிய எல்லாமே காலைப் பொழுதில் முடிய வேண்டிய காரியங்கள். முற்பகல் பத்து, பதினொரு மணிக்குப் பிறகு அங்கே காற்றும் மேகமும் நம் சொல் கேட்பதில்லை. இதை ஒத்துக்கொண்டு திட்டம் போட்டால் இறக்க நாட்கள் சுகமானவை. மதியத்தை நம்பித் திட்டம் போட்டால் தினமும் ஏதாவது ஒன்று தவறும்.

முதலில் கணவாய் நாளையே எடுத்துக்கொள்வோம், ஏனெனில் இறக்கம் தொடங்குவது அன்றுதான். கணவாயின் அடிவாரத் தங்குமிடமான தோரோங் ஃபேடி ஏறத்தாழ 4,500 மீட்டரிலும் அதற்கு மேலுள்ள ஹை கேம்ப் ஏறத்தாழ 4,900 மீட்டரிலும் இருக்கின்றன. கணவாயின் உச்சி 5,416 மீட்டர். ஆக, ஃபேடியிலிருந்து கிளம்புகிறவர் அன்று ஏறுவது சுமார் 900 மீட்டர்தான், ஆனால் முக்திநாத்தை ஒட்டிய ராணிபௌவா கிராமத்தை அடைய அவர் இறங்க வேண்டியது ஏறக்குறைய 1,700 மீட்டர். நடை தொடங்கும் பெசிசஹர் பக்கத்திலிருந்து ஒரு வாரத்துக்கும் மேலாகச் சிறிது சிறிதாகச் சேர்த்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை மூன்று நான்கு மணி நேரத்தில் இழக்கிறோம். கடினமான நாள் என்று எல்லோரும் சொல்வது ஏற்றத்தை மனத்தில் வைத்து. உடம்பு மறுநாள் கணக்குக் கேட்பது இறக்கத்துக்காக. காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதியளவே இருக்கும் உச்சியில், மந்திரக் கொடிகள் சுற்றிய பெயர்ப்பலகைக்கு முன் படம் எடுத்துக்கொண்டு, அங்குள்ள சிறு தேநீர்க் குடிலில் ஒரு கோப்பை தேநீர் குடித்ததும், பெரும்பாலானோர் மனத்தளவில் பயணத்தை முடித்துவிடுகிறார்கள். கவனம் தளர்வது அங்கேதான். கால் இடறி விழுவதும் கணுக்கால் பிசகுவதும் அதற்குப் பிறகுதான் அதிகம்.

விடிவதற்கு முன் நான்கு, ஐந்து மணிக்குக் கிளம்பச் சொல்வதற்குக் காரணம் உச்சியில் பிற்பகலில் வீசும் காற்று மட்டும் அல்ல. மேற்குச் சரிவில் சிக்கல் வந்தால் அதைச் சமாளிக்கப் பகல் வெளிச்சம் மிச்சம் இருக்க வேண்டும். உச்சியிலிருந்து கீழே 4,200 மீட்டர் அளவில் உள்ள சராபு என்ற தேநீர்க் கடைக் கூட்டத்தை அடையும் வரை வழியில் ஒதுங்க இடம் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 2014 அக்டோபர் 14 அன்று நடந்தது இதற்குக் கொடுமையான சான்று. வங்கக் கடலில் உருவாகி அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுத்ஹுத் புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, அன்னபூர்ணா, தௌலாகிரி பகுதிகளில் எதிர்பாராத கடும் பனிப்புயலாகக் கொட்டியது. நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்; அவர்களில் பலர் தோரோங் லாவைக் கடந்து முக்திநாத் பக்கம் இறங்கும் வழியில் சிக்கியவர்கள். உச்சிக் குடிலில் ஒதுங்கியிருந்து, பிறகு வெளியேறி, எதிரில் இருப்பது தெரியாத வெண்மையில் பாதையைத் தவறவிட்டவர்களும் அதில் உண்டு. அக்டோபர் மாதம் மலைநடைக்கு உகந்த பருவம் என்பதும் உண்மை, அதே மாதம் நம் கடலில் புயல் காலம் என்பதும் உண்மை. எனவே கணவாய்க்கு முன் தங்கும் மனாங் கிராமத்தில் இருக்கும்போதே வங்கக் கடலில் ஏதேனும் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறதா என்று இந்திய வானிலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள். சென்னையில் இருப்பவர் அதைப் பார்ப்பது வழக்கம்தான். சுமார் ஆயிரத்தெழுநூறு கிலோமீட்டர் வடக்கே மலையில் இருக்கும்போது அது தமக்கும் பொருந்தும் என்று பலருக்குத் தோன்றுவதில்லை. புயல் கரையேறி வடக்கே திரும்பும் என்றால் மனாங்கிலேயே இரண்டு நாள் கூடுதலாகத் தங்கிவிடுவதுதான் முறை.

இன்னொரு தவறான கணக்கும் அந்த இரவில் போடப்படுகிறது. ஹை கேம்ப்பில் ஒருவருக்குத் தலைவலி கடுமையாகி, வாந்தி எடுத்து, நடை தள்ளாடினால், "எப்படியும் நாளை கணவாயைக் கடந்து கீழே போகிறோம், அங்கே சரியாகிவிடும்" என்று கூட்டாளிகள் தேற்றுவார்கள். உயர நோய்க்கு இறங்குவதே மருந்து என்பது சரி. ஆனால் அந்த இறக்கத்தை அடைய இன்னும் 500 மீட்டர் ஏறி, பல மணி நேரம் அந்த உயரத்திலேயே இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் நோயாளியைக் குதிகாலுக்கு முன்விரல் தொடும்படி அடி வைத்து ஒரு நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால், அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், விடியும் வரைகூடக் காத்திராமல் வந்த வழியே, மனாங் பக்கமாகவே இறக்க வேண்டும். ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் பருவ காலத்தில் நடத்தும் மருத்துவ முகாம் 3,540 மீட்டரில் உள்ள மனாங்கில்தான் இருக்கிறது. இதில் பிடிவாதமும் கூச்சமும் உதவாது. கணவாய் அடுத்த ஆண்டும் அங்கேதான் இருக்கும்.

நலமாகக் கடந்தவர்களுக்கு இறக்கம் என்ன செய்கிறது? ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்கித் தடுக்க வேண்டியிருக்கிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் உண்டாவது இப்படிப்பட்ட வேலையில்தான். இதன் வலி அன்றே தெரியாது. மறுநாள் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். கணவாய் நாள் மாலையில் "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்லிக்கொண்டு நடமாடுகிறவர், இரண்டு நாள் கழித்து லாட்ஜின் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவதைப் பார்க்கலாம். ஆகவே கணவாய்க்கு அடுத்த நாளை நீண்ட நடையாக வைக்காதீர்கள்.

இறங்கும் முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. உச்சியிலிருந்து கிளம்பும் முன் ஊன்றுகோல்களை வழக்கமான அளவைவிட ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் நீட்டிக்கொள்ளுங்கள். காலணியின் நாடாவை அவிழ்த்து, குதிகாலைத் தரையில் தட்டிப் பாதத்தைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் மடியும் இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். விரல் பக்கம் சற்றுத் தளர்வாகவே இருக்கலாம். இப்படிச் செய்யாவிட்டால் ஒவ்வோர் அடியிலும் பாதம் முன்னால் வழுக்கிப் பெருவிரல் நகம் காலணியின் முனையில் மோதும். சராபுவில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றுகிறவர்களின் நகம் கறுத்திருப்பதற்கு இதுதான் காரணம், நகத்தை முன்பே ஒட்ட வெட்டாததும் ஒரு காரணம். முழங்காலை முழுவதும் நீட்டி ஊன்றாமல் சற்று மடித்த நிலையிலேயே, சிறு சிறு அடிகளாக வையுங்கள். மேற்குச் சரிவின் மேல்பகுதியில் காலை வெயில் தாமதமாகத்தான் விழும். முந்தைய நாள் உருகி இரவில் உறைந்த பனிக்கட்டி பாதையில் கண்ணாடிபோல் கிடக்கும். காலணிக்கு அடியில் மாட்டும் மைக்ரோஸ்பைக் அங்கே ஒரு மணி நேரத்துக்குத் தேவைப்பட்டாலும், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே அதைச் சுமந்து வந்தது தகும். அதற்குக் கீழே சரளைக் கற்கள் உருளும் நீண்ட சரிவு. குறுக்குவழியில் ஓடி இறங்கும் உள்ளூர்க்காரர்களைப் பார்த்து நாமும் ஓட வேண்டியதில்லை.

இனி முக்திநாத், உங்கள் பெற்றோர். உங்கள் திட்டத்தில் எனக்கு மிகவும் கவலை தந்தது இந்தப் பகுதிதான். ராணிபௌவாவில் ஒரே நேரத்தில் இரண்டு வகை மனிதர்களைக் காணலாம். கணவாயிலிருந்து இறங்கியவர்களுக்கு அந்த 3,700 மீட்டர் உயரத்தில் காற்று கெட்டியாக இருப்பதுபோல் தோன்றும், பசி திரும்பும், பல நாட்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்குவார்கள். அதே இடத்துக்குப் பொக்காராவிலிருந்து நேரே வந்து இறங்கியவர்களோ, ஜீப் நிறுத்தத்திலிருந்து கோயிலுக்குப் போகும் படிகளில் பத்துப் படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்குகிறார்கள். பொக்காரா சுமார் 820 மீட்டர். விமானம் இறங்கும் ஜோம்சோம் சுமார் 2,740 மீட்டர். இடையே விமானத்தில் இருபது நிமிடம்தான். அங்கிருந்து ஜீப்பில் அன்றே முக்திநாத் போனால், காலையில் பொக்காரா ஏரிக்கரையில் காபி குடித்தவர் மதியத்துக்குள் ஏறக்குறைய 3,000 மீட்டர் ஏறியிருப்பார். மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் அறிவுரை, 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்ட வேண்டாம் என்பது. சில மணி நேரம் மேலே போய்த் தரிசனம் செய்துவிட்டு இறங்குவதைவிட அங்கேயே இரவு தங்குவதுதான் ஆபத்து.

ஆகவே பெற்றோரை இப்படி வரச் சொல்லுங்கள். நேரம் இருந்தால் சாலை வழியே வந்து, முதல் இரவு தாத்தோபானியிலோ, 2,500 மீட்டரை ஒட்டிய காலோபானியிலோ தங்கட்டும். அடுத்த நாள் மெதுவாக ஜோம்சோம் அல்லது மார்ஃபா வரட்டும். விமானத்தில்தான் வர முடியும் என்றால் ஜோம்சோமில் இரண்டு இரவு தங்கட்டும். மூன்றாம் நாள் அதிகாலையில் ஜீப்பில் முக்திநாத் ஏறி, உங்களைச் சந்தித்து, தரிசனம் முடித்து, மதியக் காற்று வலுப்பதற்குள் ஜோம்சோமுக்கே திரும்பிவிட வேண்டும். நீங்கள் கணவாயைக் கடக்கும் அன்றே சந்திப்பு என்று வைத்துக்கொள்ளாதீர்கள். பனியால் நீங்கள் ஒரு நாள் தாமதமானால் அவர்கள் மேலே காத்திருந்து இரவு தங்க நேரிடும். அவர்கள் காத்திருக்கிறார்கள் என்ற எண்ணமே உங்களைக் கெட்ட வானிலையில் கணவாய் ஏறத் தூண்டும். இரண்டாவது ஆபத்து முதலாவதைவிடப் பெரியது. சந்திப்பைக் கணவாய்க்கு மறுநாள் காலை என்று வைத்து, அதிலும் ஒரு நாள் நெகிழ்வு விடுங்கள்.

இருதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் ஆகியவை இருந்தால் கிளம்புவதற்கு முன்பே ஊரில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது அவசியம். அசிட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ் மாத்திரையை 125 மில்லிகிராம் அளவில் நாளைக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து தடுப்பாக எடுப்பது வழக்கம்; சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கும் ஏற்கெனவே சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஒத்துவராமல் போகலாம் என்பதால் அதையும் மருத்துவரே சொல்லட்டும். நீங்கள் அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டிருந்தால், கணவாயைக் கடந்து முக்திநாத்துக்கு இறங்கியதும் அதன் வேலை முடிந்துவிடுகிறது.

வைணவர்கள் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமமாகக் கொள்ளும் தலம் இது என்பதால், தமிழ்நாட்டிலிருந்து குழுக் குழுவாக யாத்திரிகர்கள் வருகிறார்கள். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த தலம் என்று சொல்லி வயதானவர்கள் மூச்சு முட்ட ஏறுவதைப் பார்க்கும்போது தடுக்க மனம் வராது. சந்நிதிக்குப் பின்னால் அரைவட்டமாக அமைந்த 108 மாட்டுமுகத் தாரைகளிலிருந்து விழும் நீர், உருகிய பனியின் குளிர்ச்சியோடு இருக்கும். இளைஞர்கள் குனிந்தபடி தாரைக்குத் தாரை ஓடி நனைந்து, முன்னால் உள்ள இரண்டு குண்டங்களிலும் முழுக்குப் போடுகிறார்கள். பெற்றோர் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். நீங்கள் நீராட விரும்பினால் கணவாய் நாள் மாலையில் வேண்டாம். உடலில் சக்தி வற்றிப்போன அந்த நேரத்தில் ஈரமும் காற்றும் சேர்ந்தால் நடுக்கம் நிற்காது. மறுநாள் காலை வெயில் வந்த பிறகு, துண்டும் மாற்றுடையும் கையோடு கொண்டுபோய் நீராடுங்கள். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலமே. கோயிலைச் சேர்ந்த பணிகளில் பௌத்தப் பெண் துறவியர் இருப்பதையும், அருகில் உள்ள ஜ்வாலா மாயி ஆலயத்தில் நிலத்தடி வாயுவால் எரியும் சிறு சுடரையும் அவசரப்படாமல் பாருங்கள்.

இங்கிருந்து ஜீப்பா, நடையா என்ற கேள்விக்கு என் பதில்: காக்பேனி வரையாவது நடந்துவிடுங்கள். பேனியிலிருந்து ஜோம்சோம் வரை வாகனப் பாதை வந்த பிறகு, காளி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடப்பது வீண் என்ற பேச்சு பரவிவிட்டது. சாலையிலேயே நடந்தால் அது உண்மைதான். ஒவ்வொரு ஜீப்பும் எழுப்பும் புழுதி, ஏற்கெனவே உலர்ந்த குளிர்காற்றால் புண்ணாகிப்போன தொண்டையில் போய் இறங்கும். மலையிலிருந்து வந்தவர்களுக்குப் பொக்காராவிலும் விடாமல் தொடரும் வறட்டு இருமலை அது இன்னும் கூட்டும். ஆனால் சாலைக்கு மாற்றாக, சிவப்பு வெள்ளைக் கோடுகளும் நீல வெள்ளைக் கோடுகளும் இட்ட நடைபாதைகளை அடையாளப்படுத்தி வைத்திருக்கிறார்கள். முக்திநாத் பள்ளத்தாக்கின் வடகரையில், பழைய கோட்டையின் இடிபாடுகள் நிற்கும் ஜோங் கிராமத்தின் வழியாகக் காக்பேனிக்கு இறங்கும் பாதையில் வாகனத் தொல்லை மிகக் குறைவு. தெற்கே, திபெத்தின் பழைய சமயமான போன் சமயத்தவர் வாழும் லுப்ரா கிராமத்தின் வழியாக நேரே ஜோம்சோம் பக்கம் போகும் பாதையும் உண்டு. ஆனால் அதில் முதலில் சற்று ஏறி, பிறகு செங்குத்தாக இறங்கி, ஆற்றுப் படுகையில் நடக்க வேண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர் அதை விட்டுவிடலாம்.

காக்பேனி சுமார் 2,800 மீட்டரில், முக்திநாத் பக்கத்து ஓடை காளி கண்டகியோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது. யாத்திரிகர்கள் முன்னோருக்குத் திதி கொடுக்கும் இடமும் இதுவே, அனுமதிச் சீட்டுடன் மட்டுமே போகக்கூடிய மேல் முஸ்தாங்கின் வாசலும் இதுவே. மண் சுவர் வீடுகளுக்கு அடியில் குனிந்து போகும் சந்துகளும், ஊருக்கு நடுவே சிவந்த மடாலயமும், சுற்றிலும் பக்வீட் தானிய வயல்களும், ஆற்றுப் படுகையில் கறுப்புக் கற்களை உடைத்து அம்மோனைட் என்னும் சுருள் ஓட்டுக் கடலுயிரின் தடம் தேடும் மனிதர்களும் கொண்ட இந்த ஊரில் ஒரு பிற்பகலும் ஓர் இரவும் செலவிடத் தகும். சாளக்கிராமக் கற்கள் என்று நாம் பூஜிப்பவை, இமயம் எழுவதற்கு முன் இங்கிருந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்த அந்த உயிரினங்களின் புதைபடிவங்கள். கடைகளில் பாலிஷ் போட்டு விற்பவற்றை ஏதோ தப்பு என்று நான் சொல்லவில்லை, ஆனால் படுகையில் காலையில் சற்று நேரம் குனிந்து நடந்து பார்ப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சி வேறு.

காலையில் என்று சொல்வதற்குக் காரணம் காற்று. தௌலாகிரி 8,167 மீட்டர், அன்னபூர்ணா 8,091 மீட்டர். இரண்டுக்கும் இடையே ஆறு சுமார் 2,500 மீட்டர் அளவில் ஓடுகிறது. உலகின் மிக ஆழமான பள்ளத்தாக்குகளில் ஒன்றாக இதைச் சொல்வது இந்தக் கணக்கால்தான். பகலில் வடக்கே மரம் மட்டையற்ற முஸ்தாங் மேட்டுநிலம் வெயிலில் சூடாகி அங்குள்ள காற்று மேலெழ, தெற்கிலிருந்து குளிர்ந்த காற்று இந்த ஒற்றை இடைவெளி வழியே உறிஞ்சப்படுகிறது. பத்து, பதினொரு மணிக்குத் தொடங்கி மாலை வரை விடாது வீசும். நீங்கள் தெற்கு நோக்கி நடப்பதால் அது முகத்திலேயே அடிக்கும். மணலும் பொடிக் கல்லும் கன்னத்தில் குத்தும், தொப்பி தங்காது, பேசுவதற்கு வாயைத் திறந்தால் பல்லிடுக்கில் மண் கடிபடும். 1989இல் காக்பேனியில் நிறுவிய காற்றாலை சில மாதங்களிலேயே அந்தக் காற்றுக்குத் தாங்காமல் சேதமடைந்துவிட்டது என்றால் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம். எனவே காக்பேனியிலிருந்து ஆறு மணிக்கெல்லாம் கிளம்பி, பத்து மணிக்குள் ஜோம்சோமைத் தொட்டுவிடுங்கள். கண்ணை மூடிய கண்ணாடியும், மூக்கு வாயை மறைக்கும் துணியும் கழுத்திலேயே கிடக்கட்டும்.

ஜோம்சோம் வங்கியும் விமான நிலையமும் சோதனைச் சாவடியும் கொண்ட அலுவலக ஊர். தங்குவதற்கு அதைவிட மார்ஃபா எவ்வளவோ மேல். வெள்ளையடித்த கல் வீடுகளுக்கு நடுவே கல் பாவிய ஒற்றைத் தெரு, தட்டையான கூரைகளின் விளிம்பில் அடுக்கிய விறகு, தெருவுக்கு அடியில் மூடிய கால்வாயில் ஓடும் நீரின் சத்தம், ஊரைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள் என்று, வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக் கட்டியிருப்பதால் மதியக் காற்றுகூட உள்ளே நுழைய மறுக்கும் இடம். திபெத்துக்குள் மறைவாக நுழையப் புறப்பட்ட ஜப்பானியத் துறவி எக்காய் காவாகுச்சி சில மாதங்கள் தங்கியிருந்ததும் இங்கேதான். மலையில் நாள்தோறும் சாப்பிட்ட பருப்பும் சோறும் அலுத்துப்போயிருக்கும் என்பது எனக்குத் தெரியும்; ஆனாலும் தக்காலி சமூகத்தார் நடத்தும் விடுதியில் அதே பருப்பு சோற்றை ஒருமுறை கேளுங்கள். ஜிம்பூ என்ற மலைப்பூண்டுத் தழையை நெய்யில் தாளித்துக் கொட்டிய கறுப்பு உளுந்துப் பருப்பும், பக்வீட் மாவுக் களியும், புளிக்கவைத்து உலர்த்திய கீரையில் செய்த குந்துருக்கும் அங்கே வேறு தரத்தில் இருக்கும். பசி திரும்பிவிட்டது என்று முதல் நாளே வயிறு முட்டச் சாப்பிடுவதும், ஆப்பிள் பிராந்தியில் இறங்குவதும் மறுநாள் ஜீப் பயணத்தில் தெரியவரும்.

மார்ஃபாவுக்குக் கீழே என் ஆர்வம் குறைகிறது என்பதை ஒளிக்கவில்லை. துக்குச்சே பழைய உப்பு வணிகத்தின் பெரிய வீடுகளுக்காக நின்று பார்க்கத் தகும். காலோபானியிலிருந்து தெளிந்த காலையில் மலைகள் தெரிவது அருமை. ஆனால் காசாவிலிருந்து தாத்தோபானி வரை சாலையும் பள்ளத்தாக்கும் நெருங்கிப்போய், நிலச்சரிவு அடிக்கடி விழும் அந்தப் பகுதியை வாகனத்தில் கடப்பதே நல்லது. தாத்தோபானி 1,190 மீட்டர்தான். அங்குள்ள வெந்நீர் ஊற்றில் தொடை வலி சற்று இளகும். அங்கிருந்து பூன் ஹில் என்ற காட்சிக் குன்றுக்குப் போக வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். 2,860 மீட்டரில் உள்ள கோரேபானிக்கு ஏறக்குறைய 1,700 மீட்டர் ஏறி, சூரிய உதயம் பார்த்து, பிறகு உல்லேரியின் ஆயிரக்கணக்கான கற்படிகளில் இறங்குவது அந்த வழி. உடம்பு உயரத்துக்குப் பழகிவிட்டதால் ஏற்றம் உங்களுக்குச் சுலபமாகவே இருக்கும்; முழங்காலைப் பதம் பார்ப்பது அந்தப் படிகள்தான். முழங்கால் நன்றாக இருந்து, நாளும் இருந்தால், ஷிக்காவில் ஓர் இரவு தங்கி இரண்டு நாளாகப் பிரித்து ஏறுங்கள். உல்லேரியிலிருந்து வாகனம் பிடித்துவிடுங்கள். பெற்றோரும் உடன் இருக்கிறார்கள் என்பதால், உங்கள் இடத்தில் நான் இருந்தால் பூன் ஹில்லை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு அவர்களோடு தாத்தோபானி வழியே பொக்காரா போவேன்.

ஜோம்சோம் விமானம் பற்றி. அந்தப் பள்ளத்தாக்குக் காற்றால் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன. மேகமோ முன்கூட்டியே எழும் காற்றோ இருந்தால் அன்றைய விமானம் ரத்துதான், முந்தைய நாள் ரத்தானவர்களின் வரிசையும் உங்களுக்கு முன்னால் நிற்கும். 2022 மே 29 அன்று பொக்காராவிலிருந்து ஜோம்சோம் சென்ற சிறு விமானம் மலையில் மோதி அதிலிருந்த 22 பேரும் இறந்த பிறகு, மோசமான வானிலையில் பறக்க மறுக்கும் விமானியை யாரும் குறைசொல்லக் கூடாது என்பதே என் கருத்து. சாலை வழி ஒரு முழு நாள் எலும்பை உலுக்கும், ஆனால் பெரும்பாலான நாட்களில் போய்ச் சேர்த்துவிடும். விமானச் சீட்டு வாங்கினாலும், அது கிடைக்காவிட்டால் அன்று காலையே ஜீப் என்று வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். பொக்காராவில் ஒன்று, காத்மாண்டுவில் ஒன்று என்று குறைந்தது இரண்டு உதிரி நாட்கள் இல்லாமல் ஊருக்குத் திரும்பும் விமானத்தைப் பதிவு செய்ய வேண்டாம். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றாலும் நேபாள இந்திய விமானப் பயணத்துக்கு 65 வயதுக்கு உட்பட்ட பெரியவர்களிடம் கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பெற்றோர் கிளம்பிவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. முக்திநாத்தில் ஜீப் ஏறுவதாக முடிவு செய்தால் உங்கள் போர்ட்டரின் வேலை நாட்கள் திடீரென்று குறையும். பேசிய நாட்களுக்கான கூலியையும், அவர் ஊர் திரும்பும் செலவையும் குறைக்காமல் கொடுங்கள். அன்பளிப்பை, பிரியும் நாளுக்கு முந்தைய மாலையில், நேபாள ரூபாயாக, வழிகாட்டியின் கையில் மொத்தமாகத் தராமல் ஒவ்வொருவரிடமும் நேரடியாகத் தருவது முறை. அதற்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்திருக்காவிட்டால் ஜோம்சோம் ஏடிஎம்மை நம்ப வேண்டியிருக்கும். மின்சாரமோ இணைப்போ இல்லாத நாளில் அதுவும் கைவிரிக்கும். உங்களுக்கு இனித் தேவைப்படாத கையுறை, கம்பளிக் காலுறை போன்றவற்றைக் கொடுக்க நினைத்தால், அது கூலிக்கும் அன்பளிப்புக்கும் மேலாக இருக்கட்டும், அவற்றுக்குப் பதிலாக அல்ல.